மிஸ்டர் சூசை அப்பரின் சம்மதம்

என் வீட்டுக்காரர் காஸ்பரைப் பற்றி மந்தைவெளியில் யாரைக் கேட்டாலும், "தங்கமான மனுஷன், அதிர்ந்து பேச மாட்டார்" என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்களுக்கென்ன? அதிர்ந்து பேசாத மனுஷனோடு குடித்தனம் பண்ணுகிறவளைக் கேட்டால் அல்லவா தெரியும்! காலில் ஆணி குத்தினால்கூட, மூன்றாம் நாள் வீங்கின பிறகு நான் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால், "சொல்லணும்னு தோணலை" என்பார்.

அவரைப் பெற்றவர்கள் யார் என்று அவருக்கே தெரியாது. செங்கல்பட்டுப் பக்கம் சாமியார்கள் நடத்திய அனாதைப் பிள்ளைகள் மடத்தில் மூன்று வயசில் யாரோ கொண்டுவந்து விட்டார்களாம். பதினெட்டு வயசானதும் மடத்துச் சாமியார் ஒரு கடுதாசியைக் கையில் கொடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பினார். கடற்கரையில் கப்பலுக்கு வேண்டிய கயிறு, சங்கிலி, பெயிண்டு எல்லாம் விற்கிற வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று; அதன் கிடங்கில் வேலை. முப்பத்திரண்டாம் வருஷம் சேர்ந்தவர் பதினான்கு வருஷம் அங்கேயே இருந்தார். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடின சமயத்தில்கூட அவர் அசையவில்லை. நான் கைக்குழந்தையோடு வேலூர் ரயிலில் அழுதுகொண்டே போனேன். அவர், "கிடங்குச் சாவி என்கிட்ட இருக்குதே ஐவி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டப் போகிறான் என்று பேச்சு வந்தது, கம்பெனியைப் பம்பாய்க்காரர்களுக்கு விற்கிறார்கள் என்றும் பேச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து மாம்பலத்தில் மோட்டார் சாமான் விற்கிற கம்பெனி ஒன்றில் கிடங்குக்கு ஆள் கேட்டார்கள். சம்பளம் பன்னிரண்டு ரூபாய் அதிகம், சைக்கிளிலேயே போய்விடலாம். அவருக்கு மனசில்லை. நான்தான் பிடித்துத் தள்ளினேன். நாற்பத்தாறு அக்டோபர் முதல் தேதி அங்கே சேர்ந்தார்.

வேலை மாறியாயிற்று. பழைய கம்பெனியில் கிடந்த பிராவிடண்ட் பண்டு மட்டும் மாறவில்லை. மாசா மாசம் சம்பளத்தில் ஒரு பங்கு பிடித்து, கம்பெனியும் அதற்குச் சமமாக ஒரு பங்கு போட்டு, பதினான்கு வருஷம் சேர்ந்த பணம். எங்களுக்கு வேறு சொத்து கிடையாது. வாடகை வீடு, இரண்டு பெண் பிள்ளைகள், மார்கழி பிறந்தால் விசில் அடிக்கிற அவருடைய நெஞ்சு. டாக்டர் இழுப்பு என்றார். கிடங்குத் தூசி என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார், ராத்திரியெல்லாம் அந்த மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தவள் நான்.

பண்டு என்றால் எனக்கு ஏன் இத்தனை பதற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பட்டறை ஒன்றில் மேஸ்திரி. கல்யாணத்துக்கு முன்னால் பண்டுக் காகிதத்தில் தன் அண்ணன் பேரை எழுதிக் கொடுத்தவர், பிறகு மாற்ற மறந்துபோனார். அவர் செத்தபோது எனக்கு வயசு எட்டு, தம்பி பவுல்சாமிக்கு ஐந்து. பணம் முழுக்கப் பெரியப்பாவிடம் போனது. சட்டப்படி சரிதானாம்! அவர் கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு மூட்டை அரிசி அனுப்புவார், என் அம்மா வாசலில் நின்று கும்பிட்டு வாங்கிக்கொள்வாள். அந்த அரிசியைத் தின்று வளர்ந்தவள் நான். அதனால், கல்யாணம் ஆன மறுவாரமே இவரிடம் கேட்டேன்: "பண்டுல என் பேரை எழுதிட்டீங்களா?"

"உம்" என்றார்.

அந்த ஒரு "உம்"மை நம்பி ஒன்பது வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன்.

புது கம்பெனிக்காரர்கள் ஆறு மாசம் கெடு வைத்திருந்தார்கள். சேர்ந்த ஆறு மாசத்துக்குள் பழைய பண்டை அங்கே மாற்றிக்கொண்டால் ஏற்றுக்கொள்வார்கள். மார்ச்சு முப்பத்தொன்றோடு கெடு சரி. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாந்தோமில் பூசை பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது பவுல்சாமி பேச்சை எடுத்தான். அவன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன். வாயைத் திறந்தால் துறைமுகமே கேட்கும்.

"இன்னா மாமா, துட்ட இன்னும் அங்கியே உட்டு வெச்சிக்கீற? வெள்ளக்காரன் கப்பல் ஏறிக்கினு கீறான். மொத்தமா கையில வாங்கிடு. ஆதம்பாக்கத்துல நெலம் சல்லிசா வருது. ஒரு மனை வாங்கிப் போடு."

"கையில வாங்கினா என் பங்கு மட்டும்தான் வரும்" என்றார் இவர். "பதினஞ்சு வருஷம் ஆகலையே. கம்பெனி பங்கு போயிடும்."

"ஒரு வருசம் கொறைச்சலா! அப்ப இன்னும் ஒரு வருசம் இருந்துட்டு வர்றதுதான? யார் உன்ன அவசரமா தொரத்துனது?"

நான் குழம்புக் கரண்டியைத் தூக்கிக் காட்டினேன். தம்பி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

யோசித்துப் பார்த்தால் வழி மூன்று. கையில் வாங்கினால் பாதி போச்சு. புது கம்பெனிக்கு மாற்றினால் இரண்டு பங்கும் சேர்ந்து போகும்; ஆனால் அந்தக் கம்பெனிக்கு வயசு நாலுதான், நாளைக்கு இருக்குமோ இருக்காதோ. அப்படியே விட்டுவைத்தால் அவருக்கு ஐம்பத்தைந்து வயசானதும் முழுசாக வரும். ஆனால் அன்றைக்கு அந்தக் கம்பெனி யார் கையில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மாற்றிவிடலாம் என்றேன் நான். அவரோ, "கெடக்கட்டுமே, எங்க போயிடப் போவுது" என்றார். அன்றிலிருந்து மார்ச்சு முதல் வாரம் வரைக்கும் நான் கேட்பதும் அவர் "பாக்கலாம்" என்பதுமாகவே போயிற்று. இத்தனை நல்ல மனுஷன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் இப்படிச் சண்டித்தனம் பண்ணுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.

கடைசியில் என் தொல்லை தாங்காமல் பழைய கம்பெனிக்கு ஒரு கடுதாசி போட்டார். மார்ச்சு பத்தாம் தேதி பதில் வந்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார், நான் பிரித்துவிட்டேன். எட்டாம் வகுப்பு வரை கான்வென்டில் படித்த இங்கிலீஷ், தட்டுத் தடுமாறிப் படித்தேன். பண்டை மாற்ற ஆட்சேபணை இல்லை. ஆனால் விதிப்படி, நாமினியின் சம்மதம் எழுத்தில் வேண்டும். நாமினியான மிஸ்டர் சூசை அப்பர், பாதுகாவலர், கையெழுத்துப் போட்ட கடுதாசி ஒன்று அனுப்பவும். அவர் காலமாகியிருந்தால் மரணச் சான்றிதழ் அனுப்பவும்.

நாமினி என்றால் எனக்குத் தெரியும். அப்பா விஷயத்தில் அம்மாவும் நானும் ஆபீசு ஆபீசாக ஏறி இறங்கிக் கற்றுக்கொண்ட வார்த்தை அது. மனுஷன் கண்ணை மூடினால் பணம் யாருக்கோ, அவர்தான் நாமினி. என் பேர் அங்கே இல்லை. யார் இந்த சூசை அப்பர்? யாருமே இல்லாத அனாதை என்று சொன்னவருக்குப் பாதுகாவலர் எங்கிருந்து முளைத்தார்? சாயங்காலம் வரைக்கும் அடுப்பு பற்றவைக்கவில்லை. பெரியவள் நோரா பசிக்கிறது என்றதற்குச் சுள்ளென்று விழுந்தேன், பாவம்.

மார்ச்சு மாசம் எங்களுக்குச் சூசையப்பர் வணக்க மாசம். ஏசுநாதரை வளர்த்த தகப்பன் அவர். மாசம் முழுக்கச் சாயங்காலம் கோயிலில் அவருக்குப் பிரார்த்தனை நடக்கும். அன்றைக்கும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய் முழங்காலில் நின்றேன். உபதேசியார், "எங்கள் பாதுகாவலரான அர்ச்சியசிஷ்ட சூசையப்பரே" என்று நீட்டி முழக்கினார். எல்லோரும் பதில் சொன்னார்கள். என் வாய் மட்டும் திறந்தபடி நின்றுவிட்டது. இங்கிலீஷில் இரண்டாக உடைத்துப் போட்டிருந்ததால் எனக்குப் பிடிபடவில்லை. மிஸ்டர் சூசை அப்பர் யாரென்று அந்த நிமிஷம் தெரிந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்தவரிடம் கடுதாசியை நீட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் கான்வென்டு எல்லாம் பறந்துவிடும்.

"இன்னாங்க இது? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானும் ரெண்டு பொட்டப் புள்ளைங்களும் கோயில் சொரூபத்துக்கிட்ட போயி கை நீட்டணுமா?"

அவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு மெல்லச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, ஆபீசில் ஒரு ஐயர் இங்கிலீஷ் பாரத்தை வைத்துக்கொண்டு தமிழில் கேட்டு எழுதினாராம். "சின்னப் பையனா இருக்கியே, உனக்குப் பாதுகாவலர் யாரு?" என்று கேட்டாராம். மடத்தில் பாதுகாவலர் என்றால் ஒருத்தர்தான். இவர், "சூசையப்பர்" என்றாராம். "எங்கே இருக்கார்?" என்றாராம் அவர். "மடத்துக் கோயில்ல" என்றாராம் இவர். "உனக்கு ஒண்ணு ஆனா பணத்தை அவருக்குக் கொடுக்கலாமா?" "கொடுக்கலாம்." ஐயர் கார்டியன் என்று எழுதிக்கொண்டுவிட்டார்.

"அது சரி, பதினெட்டு வயசு, தெரியாம சொன்னீங்க. என்னைக் கட்டினப்புறம்?"

"மாத்தணும்னுதான் இருந்தேன்."

"எழுதிட்டேன்னு சொன்னீங்களே!"

"உம்னுதான் சொன்னேன்" என்றார். அந்த நேரத்தில் என் கையில் விளக்குமாறு இல்லாமல் போனது அவர் செய்த புண்ணியம்.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எதிராளி மனுஷனாக இருந்தால் வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்கலாம். மோட்சத்தில் இருக்கிற அர்ச்சியசிஷ்டவரோடு பாகப்பிரிவினைக்கு நிற்கிற தலைவிதி எந்தப் பெண்பிள்ளைக்கும் வரக்கூடாது.

மூன்றாம் நாள் பவுல்சாமி வந்து விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கா யக்கா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற? நம்ம கோயில் பங்குலயே மூணு சூசை கீறானுங்க. கெழவன் ஒருத்தன இட்டாந்து கையெழுத்து போடச் சொல்லு. ஒரு கள்ளு காசு, வேல முடிஞ்சிது" என்றான்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஆசை தெரிந்தது. ஆபீசில் போய் நின்று உண்மையைச் சொல்வதைவிடப் பொய்க் கையெழுத்தே மேல் என்று அந்த வாயில்லாப் பூச்சிக்குத் தோன்றிவிட்டது.

"போட்டவன் நாளைக்கு வந்து, நான்தான் நாமினின்னு நின்னான்னா? பெரியப்பாவை மறந்துட்டியாடா?" என்றேன். தம்பியின் சிரிப்பு நின்றது. "நானே வரேன். நாளைக்கு லீவு போடுங்க" என்று இவரிடம் சொன்னேன்.

மறுநாள் லஸ்ஸில் டிராம் ஏறிக் கடற்கரைக்குப் போனோம். வழியெல்லாம் அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே வந்தார். பாரம் எழுதின அந்த ஐயர் இன்னும் அங்கேதான் இருந்தார். ரகுபதி என்று பேர், இப்போது ஹெட்கிளார்க்கு, மயிலாப்பூர் மாட வீதிக்காரர். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா காஸ்பர், வா! ஆத்துக்காரியா? உக்காருங்கோம்மா. கடுதாசி வந்ததா? பெரியவர்ட்ட கையெழுத்து வாங்கிண்டு வந்துட்டியா? சௌக்கியமா இருக்காரா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தப் பெரியவர்?" என்றேன்.

"அதாம்மா, சூசையப்பர். வருஷா வருஷம் கேப்பேன், 'பெரியவர் எப்படி இருக்கார்'னு. 'அவர் புண்ணியத்துல எல்லாரும் நன்னா இருக்கோம்'பான். தீபாவளிக்கு எங்காத்துல பண்ற லேகியத்துல அவருக்குன்னு தனியா ஒரு பொட்டலம் கட்டிக் குடுப்பேனே! கோயில் வேலை, குளிர்ல கிடக்கிற மனுஷராச்சேன்னு."

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார். "கோயில்ல சூசையப்பர் பீடத்துல வெச்சிட்டு, அப்புறம் எடுத்துச் சாப்பிட்டேன்" என்றார். அடப்பாவி மனுஷா! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இனி இவரை விட்டால் ஆகாது என்று, நானே முதலிலிருந்து கடைசிவரை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

ரகுபதி சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நான்னா எழுதினேன்" என்றார். "பதினஞ்சு வருஷமா என் கையெழுத்து அதுல கிடக்கு. சாந்தோம் கோயில் பக்கத்துல, மைலாப்பூர்ல பொறந்து வளர்ந்தவன், சூசையப்பர் யாருன்னு ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாம். ஏம்பா, நீயாவது ஒருநாள் சொல்லப்படாதோ? இந்தப் பொண்ணு நடுத்தெருவுல நின்னிருப்பாளே!"

அப்போதுதான் இவர் பேசினார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மடத்து ரிஜிஸ்டர்ல எல்லாப் புள்ளைக்கும் ஒரு வரி இருக்கும் சார். தகப்பன் பேரு, தாய் பேரு, பாதுகாவலர். எனக்கு மூணு கட்டத்துலயும் கோடு போட்டிருந்தாங்க. பாதர் வாசிக்கிறப்போ என் பேர் வந்தா சட்டுனு முடிஞ்சிடும். இங்க வந்துதான், முதல் தடவையா என் பேருக்கு எதிர்ல ஒருத்தர் பேரு ஏறுச்சு. தப்புன்னு ரெண்டு வருஷத்துல தெரிஞ்சிடுச்சு. மாத்தணும்னா அந்தப் பேரை அடிச்சுடணும்னாங்க. இவளைக் கட்டினப்புறம் ரெண்டு தடவை உங்க மேஜை வரைக்கும் வந்தேன். நீங்க பெரியவர் சௌக்கியமான்னு கேட்டீங்க. திரும்பிப் போயிட்டேன்."

கோபம் எல்லாம் கரைந்துவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை. ஒன்பது வருஷம் என்னை ஏமாற்றினது ஏமாற்றினதுதான். ஆனால் மூன்று கட்டத்திலும் கோடு என்று அவர் சொன்னபோது அந்த மடத்துப் பிள்ளை என் கண்முன் வந்து நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ரகுபதி ஒரு பெரிய புத்தகத்தை எடுத்துவந்து விரித்தார். "ரெண்டு வழி இருக்கு. பணத்தை இங்கேயே விட்டுவைக்கிறதானா, இந்தப் பேரைச் சிவப்பு மையால அடிச்சுட்டு அம்மா பேரை எழுதலாம். மாத்திண்டு போறதானா, இந்தப் பக்கத்தை இப்படியே மூடிடுவோம். அங்கே புதுசா எழுதிக்கோ. எது நல்லதுன்னு என்னைக் கேக்காதே. இந்தக் கம்பெனி நாளைக்கு என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது. என் பணமும் இதுலதான் இருக்கு. எனக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கி, நான் எங்கேயும் போக முடியாது. நீ போலாம்."

"மாத்திக்கிறேன்" என்றார் இவர், உடனே. ஒரு மாசமாக நான் மல்லுக்கட்டியும் வராத வார்த்தை. எந்தக் கம்பெனி நிலைக்கும், எது மூழ்கும் என்பதையெல்லாம் அவர் யோசிக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பேரை அடிக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். எனக்கு வேண்டியது நடக்கிறது, காரணம் எதுவாக இருந்தால் என்ன?

ரகுபதி ஒரு தாளை எடுத்து இங்கிலீஷில் எழுதினார். மேற்படி நாமினி உயிரோடிருக்கும் ஆள் அல்ல, கேட்டு எழுதியவனின் பிழை, என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிற மனுஷர், தன் பிழையைத் தானே எழுதித் துரையின் அறைக்குள் எடுத்துக்கொண்டு போனார். கால் மணி கழித்துக் காது சிவந்து வெளியே வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று சொல்லவில்லை. "ஆச்சு, போய்ட்டு வாங்கோ" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மார்ச்சு இருபத்தெட்டாம் தேதி பணம் மாம்பலத்துக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் கழித்து அவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். புது பண்டின் ரசீது. சுதேசிக் கம்பெனி இல்லையா, இங்கிலீஷுக்குக் கீழே தமிழிலும் அச்சடித்திருந்தார்கள். நாமினி என்ற இடத்தில் என் பேர் இருந்தது. அவர் கையெழுத்து, மெதுவாக, அழுத்தி எழுதியிருந்தார். என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். இரண்டு தரம் என் பேரைப் படித்தேன். பிறகு முழுசையும் படிக்கலாம் என்று மேலேயிருந்து ஆரம்பித்தேன்.

'அங்கத்தினர் காஸ்பர் என்பவர் இறந்துவிட்டால் இத்தொகை முழுவதும் அவர் மனைவி ஐவி என்பவருக்குச் சேரும்.'

அவர் கூடத்தில் உட்கார்ந்து சின்னவள் அல்போன்சாவுக்குச் சிலேட்டில் எழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெயில் காலம்தான், ஆனாலும் மூச்சில் அந்த லேசான விசில் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தவர் பயந்துபோனார்.

"ஏன் ஐவி அழறே? பேர்ல எழுத்துத் தப்பா?"

"இல்லை. சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"நீங்க செத்தாத்தான் எனக்குன்னு போட்டிருக்குது."

"நீதானே கேட்டே?"

"ஆமா, நான்தான் கேட்டேன்" என்றேன். "இப்ப வேணாம்."